கை தூக்கினால்தான் குருவி

என் அக்கா புருஷனைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பவர் என்றால்தான் தெரியும். கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர் யாராக இருந்தாலும் நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் அந்த வட்ட இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, கடைசியில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "பவர் ஏறிடுச்சே" என்பார். ஏறாதவர்களுக்கும் ஏறும். கண்ணாடி போட வெட்கப்படுகிறவர்களுக்கென்று ஒரு பிரசங்கம் தனியாக வைத்திருந்தார். "இதுல என்ன கௌரவக் குறைச்சல்? எதிர்ல வர்றவன் யாருன்னு தெரியாம முழிக்கிறதுதான் குறைச்சல்" என்று ஆரம்பித்தால், வெட்கப்பட்டவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு போவார். இந்தப் பிரசங்கத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சலவைக்கடை நடத்துகிறவள். ஊரார் அழுக்கு மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது என் தொழில். என்னிடம் யாரும் யோக்கியன் வேஷம் போட முடியாது, சட்டை காலர் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் அத்தானுடைய சட்டைகளும் என்னிடம்தான் வரும். காசு கேட்க மாட்டேன் என்பதால் வாரத்துக்கு ஒரு மூட்டை வரும்.

வயதான பிறகு கடையை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அக்காவுக்குப் பிடித்தது சனி. டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் ஏன் கவிழ்த்தாய், நிமிர்த்தி வைத்தால் தூசி விழாதா. துணி காயப்போட்டால் கொடி கோணல், கொடியை மாற்றிக் கட்டினால் சுவர் கோணல். கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குறை கண்டுபிடித்துப் பழகின வாய்க்கு, வீட்டில் கிடைத்த ஒரே வாடிக்கைக்காரி என் அக்கா. அந்த வீட்டில் அவள் மூச்சுவிட ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. அது பூங்கா.

பூங்காவில் அவருக்கு ஒரு கூட்டம் உண்டு. குருவி பார்க்கிற கூட்டம். சொன்னால் சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். குளிர்காலம் முழுக்கத் தெற்கே எங்கேயோ இருந்துவிட்டு, வசந்தம் வந்ததும் குஞ்சு பொரிக்க வடக்கே திரும்புகிற சின்னச் சின்னக் குருவிகள் இருக்கின்றன. ராத்திரி முழுக்கப் பறந்து களைத்து, விடிகிற நேரம் கீழே பார்த்தால் எங்கள் நகரத்தில் கட்டடத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. நடுவில் ஒரு துண்டு பச்சை, அதுதான் பூங்கா. வேறு கதியில்லாமல் அதில் இறங்குகின்றன. அதை இவர்கள் என்னவோ தங்களைப் பார்ப்பதற்காகவே வந்த விருந்தாளி மாதிரி வரவேற்கப் போகிறார்கள். முதல் மாடிக்கு லிஃப்ட் தேடுகிறவர்கள், கடல் தாண்டி வந்த குருவியைப் பார்த்து, "பாவம், களைச்சுப் போயிருக்கு" என்று உச்சுக்கொட்டுவார்கள். ஒவ்வொருவர் மேலும் பத்துப் பை வைத்த ஒரு சட்டை. அத்தனை பையிலும் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? துவைக்கப் போட்டபோது நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் மிட்டாய்த் தாள், மற்றதிலெல்லாம் ஒன்றும் கிடையாது.

இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர் அத்தான்தான். அங்கே அவர் பவர் இல்லை, சார். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. யார் எந்தக் குருவியின் குரலைக் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, விரலை நீட்டக் கூடாது. சாரைப் பார்க்க வேண்டும். சார் வலது கையைத் தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும். அப்புறம் அவர் பெயரைச் சொல்வார், இருக்கிற கிளையைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் அந்தக் குருவி வந்ததாகக் கணக்கு. அவர் கை தூக்காவிட்டால் அது தலையில் வந்து உட்கார்ந்தாலும் வரவில்லை. படித்தவர்கள், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களெல்லாம் இதற்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள்.

நல்லபடியாகக் கை தூக்கிவிட்டு வந்த நாட்களில் மனிதர் வீட்டில் மனிதராக இருப்பாராம். "அங்க நாலு பேர் சார்னு சொன்னா, இங்க வந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. சாப்டியான்னு கேப்பாரு" என்று அக்கா ஒருமுறை சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு ஒரு ஆளுக்குப் பூங்கா, குருவி, கூட்டம் எல்லாம் வேண்டியிருக்கிறது.

அவருடைய முழுக்கைச் சட்டைகளில் ஒரு விஷயத்தை நான் கவனித்தேன். எல்லாவற்றிலும் இடது முழங்கைக்குப் பக்கத்தில் துணி இழுபட்டுத் தொங்கியது. தோள் தையல் வேறு இற்றுப்போயிருந்தது. வலது கை புத்தம் புதிதாக இருக்கும். எத்தனை தடவை பெட்டி போட்டாலும் அந்த இடம் மட்டும் படியவில்லை. ஒரு நாள் சட்டையை அக்காவிடமே கொண்டுபோய் நீட்டி, "உன் புருஷனை யார் இப்படிப் புடிச்சு இழுக்கறது?" என்று கேட்டேன்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நான்தான்டி" என்றாள்.

விஷயம் இதுதான். இந்தக் குருவிகள் கட்டைவிரல் அளவு. துளிர் இலைக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காது வயதாகும்போது முதலில் போவது அந்த மாதிரி மெல்லிய, உச்சஸ்தாயிக் குரல்கள்தானாம். லாரி ஹாரன் கேட்கும், வாசலில் இருவர் பேசுவது கேட்கும், குருவி கேட்காது. அத்தானுக்கு அது போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. காது டாக்டர் மெஷின் எழுதிக் கொடுத்தார். வாங்கினார், ஒரே ஒரு நாள் போட்டார், கண்ணாடி முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், கழற்றிப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டார். "இதைப் போட்டுக்கிட்டு அங்க எப்படி நிக்கறது?" என்றாராம். ஊருக்குத்தான் உபதேசம். கௌரவக் குறைச்சல் பற்றி அவர் செய்த பிரசங்கமெல்லாம் அந்த டிராயரோடு சரி.

அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த மெஷின் என் அக்கா. இடது பக்கம் ஒட்டி நடந்து அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொள்வாள். குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் இழுப்பாள். விட்டு விட்டுக் கத்தினால் சின்னச் சின்ன இழுப்பு, நீட்டிப் பாடினால் ஒரே நீள இழுப்பு. அவர் உடனே கை தூக்குவார். எந்த மாதம், எந்த மரம், எந்த மாதிரிக் குரல் என்பதை வைத்துப் பெயர் சொல்லிவிடுவார். குருவி விஷயம் அவருக்கு நிஜமாகவே தெரியும், அதை நான் மறுக்கவில்லை. தெரிந்ததைச் சொல்லக் காதுதான் இல்லை. அக்காவுக்குக் காது இருந்தது, குருவி மேல் துளி ஆசை கிடையாது. வருஷக்கணக்காகப் பனியில் நின்று கொட்டாவியை அடக்கிக்கொண்டு இழுத்திருக்கிறாள். கூட்டத்தில் இருக்கிற பெண்கள் அதைப் பார்த்து, "இந்த வயசுலயும் கையை விடாம என்ன ஒரு பாசம்" என்று வாய் பிளப்பார்களாம்.

"இது எதுக்குக்கா உனக்கு?" என்றேன்.

"அந்த சார் போச்சுன்னா, விடிஞ்சதுலேர்ந்து கூடத்துல உட்கார்ந்து என்னை உரிச்சுடுவாரு. எனக்கு வேற போக்கிடம் ஏது?" என்றாள். அழவில்லை, முறையிடவில்லை. தண்ணீர் பில் கட்ட வேண்டும் என்பது போலச் சொன்னாள்.

அந்தக் குளிர்காலக் கடைசியில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. படியிறங்கவே கூடாது என்றுவிட்டார்கள். குருவி வருகிற நேரமோ நெருங்கிவிட்டது. அது நாலைந்து வாரக் கூத்துதான், முடிந்தால் மறுபடி அடுத்த வருஷம். அக்கா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "இந்த ஒரு தடவை நீ போடி. பல் டாக்டர்னு ஒருத்தர் வருவாரு, அவர்கிட்ட மட்டும் ஜாக்கிரதையா இரு. உங்க அத்தான் இடத்துக்கு வரணும்னு அவருக்கு ஒரு கண்ணு" என்றாள். அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. கடையைத் தாமதமாகத் திறக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனேன்.

கொழுந்தியாள் அக்கா புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். முதல் நாளே கூட்டத்தின் நடுவில் என்னை நிறுத்தி, "என் கொழுந்தியா. தலைசுத்தல் ஜாஸ்தி. தனியா விட்டா விழுந்துருவா. அதான் காத்தாட நடக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்" என்றார். ஈரப் போர்வையை ஒற்றை ஆளாகப் பிழிகிறவள் நான். எனக்குப் போய்த் தலைசுற்றலாம். உடனே ஒவ்வொருவராக வந்து வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். டீச்சரம்மா என்று ஒருத்தி, ரிட்டையர் ஆனவள், தினமும் எனக்கென்று இஞ்சி மிட்டாய் கொண்டுவந்து கையில் திணித்தாள். நான் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அத்தானின் சட்டையைத் தேவைக்கு அதிகமாகவே இழுத்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை சுலபமாகத்தான் இருந்தது. இடது பக்கம் கீச்சென்றால் இடது பக்கம் ஒரு இழுப்பு. கை மேலே போகும், கூட்டம் நிற்கும், கழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். நான் விரலை அசைத்தால் இத்தனை பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள், நடக்கிறார்கள். அத்தானோ என் பக்கம் திரும்பக்கூட மாட்டார். ஒரு நாள் நான் இழுக்கக் கொஞ்சம் தாமதம் ஆனதற்கு வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "உங்க அக்காவா இருந்தா இந்நேரம் ரெண்டு காட்டியிருப்பா. நீ தூங்கறியா?" என்றார். காட்டுவதுதான் எங்கள் வேலையாம். நன்றி என்கிற வார்த்தை அவர் கடைச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையில் இல்லை போலிருக்கிறது.

பல் டாக்டரையும் பார்த்தேன். மெல்லிய மனிதர், கை கழுவிக் கழுவி வெளுத்த விரல். அடிக்கடி பக்கத்தில் வந்து நடப்பார். "அக்கா எப்படி இருக்காங்க? அவங்க இல்லாம சாருக்குக் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு என் விரலைப் பார்ப்பார். ஆஹா, நரி மோப்பம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு குருவி குலதெய்வம் மாதிரி. புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர். ஊசி குத்துகிற மாதிரிக் குரல் என்பதால் இவர்கள் ஊசிக்குருவி என்பார்கள். அது வந்தால்தான் வசந்தம் வந்ததாம். வருஷா வருஷம் அதன் முதல் குரலுக்குக் கை தூக்குகிறவர் சார்தான், அதில் ஒரு வருஷமும் தப்பியதில்லை. அது வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிக் கூட்டம் இரட்டிப்பாகச் சேர்ந்தது. பீரங்கி மாதிரி கேமரா தூக்கிக்கொண்டு புது ஆட்களெல்லாம் வந்தார்கள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. நான் பெட்டி போட்டுக் கொடுத்த சட்டையில், நான் கஞ்சி போட்ட காலரில், குளத்தங்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

புதிதாக வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீங்களும் நிறைய வருஷமா பாக்கறீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "இவளா? இவளுக்குக் காக்காவுக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாது. என் கையைப் புடிச்சுக்கிட்டு தூங்கிட்டே நடக்கறா. துணி துவைக்கறவளுக்குக் குருவி என்ன, குரல் என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். கேமராக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை, பல் டாக்டர் தரையைப் பார்த்தார். அதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது ஒன்றுதான். அந்த மனிதரின் மானம் என் இரண்டு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் விரலை எடுத்துவிட்டேன். எடுத்துக் கையைக் கட்டிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் நடந்திருப்போம். குளத்தோரத்துப் பெரிய மரத்தின் உச்சியிலிருந்து ஊசி குத்தியது. தூங்குகிறவனும் விழித்துக்கொள்கிற குரல், ஸீ ஸீ ஸீ என்று ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போய் உச்சியில் முறிந்தது. மொத்தக் கூட்டமும் நின்றது. அவர் போட்ட சட்டப்படி ஒருவரும் மரத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள்.

மரத்தைப் பார்த்திருந்தாலாவது அந்தத் தலைகளை வைத்துத் திசை தெரிந்துகொண்டிருப்பார். கெட்டிக்காரர்தான். ஆனால் அத்தனை கண்ணும் அவர் முகத்தில் இருந்தது. ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிட்டது, எங்கே என்று தெரியவில்லை. இடது முழங்கையைக் கொஞ்சம் என் பக்கம் நீட்டினார். நான் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குருவி மறுபடி கத்தியது. மறுபடியும் கத்தியது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பொய் சொல்ல மாட்டேன், குஷியாகத்தான் இருந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். "காத்து இன்னும் திரும்பல. இந்தக் காத்துல அது வராது" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். "இன்னும் வரல. அடுத்த வாரம் பாக்கலாம்."

அவர் சொல்லி முடிக்கும்போது தலைக்கு மேல் அது கத்திக்கொண்டிருந்தது. புதுப் பெண் வாயைத் திறந்தாள். டீச்சரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நான் பல் டாக்டரைப் பார்த்தேன். இத்தனை நாள் காத்திருந்த நரிக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, இப்போது பாயும் என்று நினைத்தேன்.

"ஆமா சார்" என்றார் பல் டாக்டர். "இன்னும் வரல."

"வரல சார்" என்றாள் டீச்சரம்மா.

பின்னாலிருந்து இன்னொருவர், அதற்குப் பின்னால் இன்னொருவர், வரல சார், வரல சார் என்று கோயில் பஜனையில் திருப்பிச் சொல்கிற மாதிரி சொன்னார்கள். குருவி விடாமல் கத்தியது.

அதோடு முடிந்திருந்தால் தொலைந்தது என்று வந்திருப்பேன். அந்தச் சனியன் பிடித்த குருவி பூச்சியோ புழுவோ தேடிக்கொண்டு கீழே இறங்கியது. எங்களுக்கு நேர் எதிரே, இடுப்பு உயரப் புதரில் வந்து உட்கார்ந்தது. எல்லோருக்கும் முன்னால் அதைப் பார்த்தவர் அத்தான்தான். கண்ணில் ஒரு குறையும் கிடையாது. பைனாகுலரை எடுத்து வைத்தார். அது அலகைப் பிளந்து, தொண்டை படபடவென்று துடிக்க, உடம்பெல்லாம் குலுங்கக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அவருக்கு அது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தெரிந்திருக்கும்.

பைனாகுலரை இறக்கினார். கண்ணாடிக் கடையில் செய்கிற மாதிரியே வில்லையில் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். அலகு திறந்தபடியே இருந்தது. மெதுவாகத் திரும்பிப் பல் டாக்டரைப் பார்த்தார். டீச்சரம்மாவைப் பார்த்தார். பின்னால் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் கண்ணைச் சந்திக்கவில்லை. கை மேலே போகவில்லை.

"போலாம்" என்றார்.

வெளிவாசலில் பல் டாக்டர் என்னிடம் வந்தார். "ஒரு தடவை இழுத்திருக்கலாமேம்மா" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். உங்க அக்கா இழுப்பாங்க, இவர் தூக்குவாரு. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

"அப்ப அந்தக் குருவி வந்துருக்குன்னு சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே? எதுக்கு அந்த மனுஷனை வச்சுக்கிட்டு வரல வரலன்னு பாட்டு பாடுனீங்க?"

அவர் வெளுத்த விரல்களைப் பிசைந்தார். "அவர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படிம்மா சொல்றது?" என்றார். இவ்வளவு பேரில் ஒருவருக்குக்கூட அது முடியவில்லை. இதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவிடம் கை மரத்துப்போய்விட்டது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, மேலே கேட்கவும் இல்லை.

அதற்கு அடுத்த வாரம் துவைத்த சட்டைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோள் தையலையெல்லாம் புதிதாக அடித்து, இடது கையைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்திருந்தேன். அத்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பூங்காவிலிருந்து தினம் போன் வந்ததாம், காய்ச்சல் என்று சொல்லச் சொல்லிவிட்டாராம். காலை நீட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் அக்கா. எழுந்து போக முடியாதவளை விடிந்ததிலிருந்து உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தது தப்பு, தலையணையைக் காலுக்குக் கீழே வைத்தது தப்பு, மாத்திரைத் தாளை மேஜையில் விட்டது தப்பு. நான் உள்ளே நுழைந்தபோது செருப்பை விட்ட இடம் தப்பு என்றார். அக்காவின் முகம் ஒரே வாரத்தில் சுருங்கியிருந்தது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டு மரத்தில் அது கத்தியது. பூங்காவை விட்டு அதுவும் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. ஸீ ஸீ ஸீ என்று இழுத்தது. அக்கா யோசிக்கவேயில்லை. அவள் கை தானாகப் போய் அவருடைய சட்டைக்கையைப் பிடித்து, ஜன்னல் பக்கமாக ஒரு நீள இழுப்பு இழுத்தது.

அவர் பேச்சு பாதியில் நின்றது. வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. அப்புறம் அதைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"அதான் வரலன்னு எல்லாரும் சொல்லிட்டாங்களே" என்றார்.

அக்கா சட்டையை விடவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்த்தாள். நான் கொண்டுபோன சட்டைகளை மேஜையில் வைத்துவிட்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். படியிறங்குகிற வரை அது கத்திக்கொண்டே இருந்தது.